பென்டிரைவ் எடுக்கவில்லையா? யூஎஸ்பி வேலை செய்யும் விதமும், மலையில் அதைச் சரிபார்க்கும் முறையும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கணினி வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்: "எடுக்கலை." பென்டிரைவ் எடுக்கலை, பிரிண்டர் எடுக்கலை, கைரேகை மெஷின் எடுக்கலை, தேயிலை எடை போடும் தராசு எடுக்கலை. அடுத்து அவர்கள் செய்வது, இணையத்தில் டிரைவர், அதாவது கருவியை இயக்கக் கணினிக்குத் தேவையான மென்பொருள், தேடி இறக்குவது. அதுவும் சரிவரவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போடுவது. பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே வீண் வேலை.

ஒரு யூஎஸ்பி கருவியைச் செருகியதும், ஏறக்குறைய ஒரு நொடிக்குள் கணினிக்கும் அதற்கும் இடையே வரிசையாகச் சில காரியங்கள் நடக்கின்றன. அந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிந்தால் பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடும். கேபிளா, போர்ட்டா (கணினியில் செருகும் துளை), கருவியா, டிரைவரா, மென்பொருளா? நமக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரு நல்ல கேபிள் வேண்டுமென்றாலும் பல நேரம் கீழே மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போய் வர வேண்டும். போய் வாங்கிவந்த பிறகு பழுது வேறெங்கோ என்று தெரிவது யாருக்கும் பிடிக்காது.

அந்த முதல் நொடி

யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்பு பிரிண்டருக்கு ஒரு வகை போர்ட், மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு வேறொன்று. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பாக் உட்பட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே வழியை உருவாக்கின. இன்டெல்லில் அந்த வேலையை முன்னெடுத்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட்.

பழைய நீள்சதுர முனையை, அதாவது டைப்-ஏ பின்னை, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டைவிடச் சற்று நீளம். ஓரத்தில் இருப்பவை மின்சாரத்துக்கு: ஒன்று 5 வோல்ட், மற்றொன்று தரை, அதாவது மின்சாரம் திரும்பும் வழி. நடுவில் இருப்பவை தகவலுக்கு. நீளம் கூட இருப்பதால் செருகும்போது மின்சாரம் முதலில் தொடும், தகவல் கம்பிகள் பிறகு தொடும். பிடுங்கும்போது இதுவே தலைகீழ். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பயமில்லாமல் செருக முடிவதற்கு இந்தச் சின்ன ஏற்பாடும் ஒரு காரணம். கேபிளை வெட்டிப் பார்த்தால் வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, பச்சையும் வெள்ளையும் தகவல். மலிவுக் கேபிள்களில் நிறம் மாறியும் இருக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மின்சாரம் கிடைத்ததும் கருவிக்குள் இருக்கும் சிப் விழிக்கிறது. விழித்ததும் தகவல் கம்பி இரண்டில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. "நான் வந்திருக்கிறேன்" என்று அது சொல்வது இவ்வளவுதான். கணினி தன் பக்கத்தில் அதே கம்பிகளை 15 கிலோ ஓம் வழியாகத் தரையோடு கட்டி வைத்திருக்கும். ஒரு கம்பியில் வோல்ட் மேலே ஏறியதும் யாரோ வந்திருப்பதைக் கண்டுகொள்கிறது. எந்தக் கம்பி ஏறியது என்பதிலிருந்து வேகமும் தெரிந்துவிடும். சாதாரண மவுஸ், கீபோர்டு என்றால் நொடிக்கு 1.5 மெகாபிட். மற்றவை 12 மெகாபிட். பென்டிரைவ் போன்றவை 12 என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, அடுத்த கட்டத்தில் தங்களால் 480 வரை போக முடியும் என்று ஒரு தனிச் சைகை காட்டும்.

உடனே பேச்சு ஆரம்பிப்பதில்லை. செருகும்போது கை நடுங்கும், தகடுகள் தொட்டு விலகும். அதனால் கணினி குறைந்தது 100 மில்லிநொடி காத்திருந்துவிட்டுக் கருவியை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆன கருவியின் முகவரி 0. புதிதாக வரும் எதற்கும் அதே 0 தான் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் கணினி உள்ளே சேர்க்கும். அந்த முகவரிக்கு "நீ யார்?" என்ற கேள்வியை அனுப்பும். பிறகு 1 முதல் 127 வரை ஏதோ ஒரு முகவரியை அதற்குக் கொடுக்கும்.

கருவி தரும் பதில் 18 பைட் கொண்ட ஒரு சிறு விவரக்குறிப்பு. அதில் முக்கியமானவை இரண்டு எண்கள்: தயாரிப்பாளரின் எண், அந்தக் கருவி மாடலின் எண். விஐடி, பிஐடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், கீழே பலமுறை தேவைப்படும்.

பிறகு கருவி தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்கிறது. யூஎஸ்பி 2.0 விதிப்படி இந்தக் கட்டம் வரை எந்தக் கருவியும் 100 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. கணினி சம்மதித்த பிறகு 500 வரை இழுக்கலாம். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0-இல் இது 900 ஆனது.

கடைசியாக டிரைவர். பென்டிரைவ், கீபோர்டு, வெப்கேமரா போன்றவை "நான் இந்த வகுப்பு" என்று பொது அடையாளம் காட்டும். அவற்றுக்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். ரேகை மெஷின், சில பிரிண்டர்கள் போன்றவற்றுக்கு விஐடி, பிஐடி பார்த்துத் தனி டிரைவர் தேட வேண்டும்.

இதில் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. யூஎஸ்பி 2.0-இல் கருவி தானாக எதையும் சொல்லாது. கணினி கேட்டால்தான் பதில். மவுஸை நகர்த்தினால் அது உடனே ஓடிவந்து சொல்வதில்லை. "நகர்ந்தாயா, நகர்ந்தாயா" என்று கணினி சில மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பியில் 3 மில்லிநொடி எந்தச் சலனமும் இல்லையென்றால் கருவி தூங்கப் போய்விட வேண்டும் என்பது விதி. ரேகை மெஷின் காலையில் நன்றாக வேலை செய்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு உயிரில்லாமல் கிடப்பதற்கான காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது

முதல் படி, கேளுங்கள், பாருங்கள். செருகியதும் கணினியில் எந்தச் சத்தமும் இல்லை, கருவியில் விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரமே போய்ச்சேரவில்லை. விளக்கு எரிகிறது, ஆனால் சத்தமில்லை என்றால் மின்கம்பிகள் நல்லபடி இருக்கின்றன, தகவல் கம்பியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செல்போன் சார்ஜரோடு வரும் சில மலிவுக் கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், படம் மட்டும் கணினிக்கு வராது. செருகிய சத்தமும் பிடுங்கிய சத்தமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், கருவி மின்சாரம் போதாமல் விழுந்து விழுந்து எழுகிறது, இல்லையென்றால் முனை லூசாக இருக்கிறது.

இரண்டாவது படி, குறுக்கே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு நேராக மாட்டுவது. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பை எடுங்கள், நீட்டிப்புக் கேபிளை எடுங்கள். மேசைக்கணினி என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் மாட்டுங்கள். முன்பக்கத்தில் இருப்பவை உள்ளே ஒரு மெல்லிய கேபிள் வழியாக மதர்போர்டு என்ற முதன்மைப் பலகைக்குப் போகின்றன. பின்பக்கத்தில் இருப்பவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. வெளி ஹார்டு டிஸ்க் முன்பக்கம் "டிக், டிக்" என்று தட்டிவிட்டு நின்று, பின்பக்கம் நன்றாக ஓடும். ஹார்டு டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

கேபிளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் கிடைக்கும் கேபிளை எல்லோரும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்கள். நல்ல கேபிளின் உறைமேல் பொடி எழுத்தில் "28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி" என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் தகவல் கம்பி, இரண்டாவது மின்கம்பி. எண் சிறிதானால் கம்பி தடிமன். மின்கம்பியும் 28 ஆக இருக்கும் 2 மீட்டர் கேபிளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தடிமனில் செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர், ஆக ஏறக்குறைய 0.85 ஓம். கருவி அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.4 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 5 வோல்ட் கிளம்பி 4.6-க்கும் குறைவாகப் போய்ச்சேரும். முனைகளில் கறையும் இருந்தால் இன்னும் கீழே இறங்கும். 24 தடிமன் கேபிளில் இந்த இழப்பு 0.2 வோல்ட்டைக்கூடத் தொடாது. யூஎஸ்பி 2.0 கேபிள் அதிகபட்சம் 5 மீட்டர் என்பதும், 3.0-க்கு 3 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதும் இதோடு சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டியவை.

மூன்றாவது படி, டிவைஸ் மேனேஜர், அதாவது மாட்டியிருக்கும் கருவிகளை விண்டோஸ் காட்டும் இடம். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியைச் செருகுங்கள். பட்டியல் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். எதுவுமே நகரவில்லை என்றால் நாம் இன்னும் மின்சாரம், கம்பிக் கட்டத்திலேயே இருக்கிறோம். டிரைவரை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

மஞ்சள் குறியோடு ஒரு வரி வந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். 43 என்று இருந்து, பெயர் "டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு" என்று சொன்னால், கணினி "நீ யார்?" என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. யாரென்றே தெரியாத கருவிக்கு எந்த டிரைவரைப் போட முடியும்? டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி பார்த்தால் விஐடி 0000 என்று இருக்கும். இது கேபிள், முனை, போர்ட், இல்லையென்றால் கருவியின் சிப். 28 என்று வந்தால் நிலைமை நல்லது: கருவி தன்னை ஒழுங்காக அறிமுகப்படுத்திவிட்டது, டிரைவர் மட்டும்தான் பாக்கி. 10 என்று வந்தால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவியைக் கிளப்ப முடியவில்லை.

28 வந்தவர்கள் ஹார்டுவேர் ஐடியில் இருக்கும் விஐடி, பிஐடி எண்களைக் குறித்துக்கொண்டு, கருவி தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் அதற்கான டிரைவரைத் தேடுங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று கூவும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

அரசு தந்த பழைய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல சோதனைக் கருவி கையில் இருக்கிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து சிறிய எழுத்தை அடித்தால், செருகியதிலிருந்து நடந்ததெல்லாம் வரிவரியாக வரும். சில கணினிகளில் இதற்கு முன் சூடோ என்ற கட்டளையும் சேர்க்க வேண்டியிருக்கும். அதில் மைனஸ் 71 என்ற பிழை வந்தால் பேச்சு குழறுகிறது, மைனஸ் 110 வந்தால் பதிலே வரவில்லை. இரண்டுக்கும் முதல் சந்தேகம் கேபிளும் முனையும்தான். எல், எஸ், யூ, எஸ், பி என்று அடித்தால் மாட்டியிருக்கும் எல்லாவற்றின் விஐடி, பிஐடியும் வந்துவிடும்.

நான்காவது படி, கருவி டிவைஸ் மேனேஜரில் சுத்தமாகத் தெரிகிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை. இப்போது யூஎஸ்பியைக் குறை சொல்லாதீர்கள், அது தன் பங்கை முடித்துவிட்டது. இ-சேவை மையங்களில் ரேகை மெஷினுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆதார் ரேகை மெஷினுக்கும் பிரவுசருக்கும் நடுவே ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் ஒன்று ஓடுகிறது. அது கணினிக்குள்ளேயே 11100 முதல் 11120 வரையிலான போர்ட் எண்களில் ஒன்றில் காத்திருக்கும் (இந்த போர்ட் செருகும் துளையல்ல, மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் வாசல்). அது ஓடாவிட்டாலோ, ஆன்டிவைரஸ் தடுத்துவிட்டாலோ, மெஷின் நல்லபடி இருந்தும் பக்கம் "கருவி இல்லை" என்று சொல்லும். சர்வீசஸ் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து மறுபடி ஓடவிடுங்கள். சும்மா இருந்தால் மெஷின் தூங்கிவிடுகிறது என்றால், பவர் ஆப்ஷனில் "யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை அணைத்துவிடலாம்.

எடைத் தராசு: தனிக் கதை

பச்சைத் தேயிலை வாங்கும் இடங்களில் கணினியோடு இணைக்கும் எடைத் தராசுகள் பல யூஎஸ்பி பேசுவதில்லை. அவை பேசுவது ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறை. நடுவில் ஒரு சீரியல்-யூஎஸ்பி மாற்றி இருக்கும். கணினிக்குத் தெரிவது அந்த மாற்றி மட்டும்தான் (அதற்கு விண்டோஸ் காம்3, காம்5 என்பது போல ஒரு காம் போர்ட் எண் கொடுக்கும்), அதன் பின்னால் தராசு இருக்கிறதா என்பது யூஎஸ்பிக்குத் தெரியவே தெரியாது. அதனால் "காம் போர்ட் வருகிறது, எடை வரவில்லை" என்றால் மாற்றிக்கு அந்தப் பக்கம் பாருங்கள்: 9 பின் கேபிள், தராசில் உள்ள அமைப்பு, வேகம். பல தராசுகள் 9600 வேகத்தில் அனுப்பும். மென்பொருளிலும் அதே எண் இருக்க வேண்டும். புட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து பாருங்கள். எடை எண்கள் ஓடினால் தராசும் மாற்றியும் நலம், பில் போடும் மென்பொருளில்தான் பிரச்சினை. புரியாத குறிகள் ஓடினால் வேகம் பொருந்தவில்லை.

நேற்று வரை வேலை செய்தது, கூட்டிப் பெருக்கி மேசையை நகர்த்திய பிறகு எடை வரவில்லை என்று சொல்வார்கள். மாற்றியைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகியிருப்பார்கள். மலிவு மாற்றிகளில் பலவற்றுக்குத் தனி வரிசை எண் கிடையாது. அப்படிப்பட்டதை எந்த போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் விண்டோஸ் அடையாளம் காணும். போர்ட் மாறினால் புதுக் கருவி என்று நினைத்து, காம்3 ஆக இருந்ததைக் காம்5 ஆக்கிவிடும். பழைய இடத்திலேயே செருகுங்கள், அல்லது டிவைஸ் மேனேஜரில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் பழைய எண்ணையே கொடுங்கள். போர்ட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இலை வரத்து மிகுந்த நேரத்தில் யாரும் உங்களுக்கு போன் செய்ய மாட்டார்கள்.

பிஎல்2303 சிப் உள்ள பழைய மாற்றிகளும் போலிகளும் புது டிரைவரோடு 10 என்ற பிழையைக் காட்டும். அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. புது டிரைவர் அந்தப் பழைய சிப்பை ஏற்றுக்கொள்வதில்லை.

மஞ்சும் ஈரமும்

யூஎஸ்பி பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் சமவெளியில் உட்கார்ந்து எழுதியவை. ஆடியில் கூடலூர், தேவாலா பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கமும் மழை விடாமல் நிற்கும்போது காற்றில் இருக்கும் ஈரத்தை அவை கணக்கில் எடுப்பதில்லை. முனைத் தகடுகளில் தங்க முலாம் இருக்கும், ஆனால் மலிவுப் பொருளில் அது மெல்லிய பூச்சு. செருகிச் செருகி அது தேய்ந்ததும் அடியில் உள்ள உலோகம் ஈரத்தோடு சேர்ந்து கறுக்கிறது. 5 வோல்ட் ஓடும் தகட்டில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். எப்போதும் செருகியே கிடக்கும் பிரிண்டர் கேபிளில் இதைப் பார்க்கலாம்.

டைப்-சி முனையில் 24 தொடுமுனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே ஒரு சொட்டு ஈரம் போதும். போன் "ஈரம் இருக்கிறது" என்று எச்சரித்தால் அலட்சியம் செய்யாமல் உலர விடுங்கள்.

ஊட்டியில் மார்கழிக் காலையில் வண்டிப் பெட்டியில் இருந்த பென்டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ, ஆட்கள் நிறைந்து வெதுவெதுப்பாக இருக்கும் அறைக்குக் கொண்டுவந்ததும் செருகாதீர்கள். சில்லிட்ட உலோகத்தின்மேல் அறையின் ஈரம் பனித்துளியாகப் படியும். பையைத் திறக்காமலேயே அரைமணி நேரம் விட்டுவைத்தால் அது அறையின் சூட்டுக்கு வந்துவிடும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். கணினியை அணைத்து, மின்தொடர்பை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். ஊசி, குண்டூசி உள்ளே போகவே கூடாது. உபயோகத்தில் இல்லாத கேபிள், மாற்றி, பென்டிரைவ்களைத் தேயிலைத்தூளை நமுத்துப்போகாமல் வைப்பது போல இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள்.

கரண்ட் போகும்போது

காற்றடித்து மரம் கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பென்டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால், கோப்பு பாதியில் நிற்பது சின்ன நஷ்டம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதி எழுதப்பட்டிருந்தால் மொத்த பென்டிரைவும் காலியானது போலத் தெரியும். மறுபடி செருகும்போது "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் கொடுங்கள். தகவல் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். அதில் புதிதாக எதையும் எழுதாமல், டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களை வைத்து வேறு வட்டுக்கு மீட்டெடுக்கலாம்.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பென்டிரைவ்களுக்கு "குயிக் ரிமூவல்" தான் இயல்பு அமைப்பு. அதாவது எழுத வேண்டியதைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதிவிடும். லினக்ஸ் அப்படியல்ல, காப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். அங்கே எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கவே கூடாது.

இன்னும் சில

யூஎஸ்பி 3.0 போர்ட், கேபிள்களிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால், கணினியில் செருகியிருக்கும் அதன் டாங்கிளை நீல நிற 3.0 போர்ட்டிலிருந்து எடுத்துக் கறுப்பு 2.0 போர்ட்டில் போடுங்கள்.

வெப்கேமராவுக்கும் பென்டிரைவுக்கும் ஒரே ஹப் கொடுக்காதீர்கள். கேமராவுக்கு நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் கணினி பென்டிரைவுக்குக் கொடுக்கும்.

4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லை என்றால் பென்டிரைவ் பழுதில்லை, அது 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காத ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். ஆச்சரியமான விலையில் கிடைக்கும் 1 டிபி பென்டிரைவை வாங்கியவர்கள், அதில் முக்கியமானதைப் போடும் முன் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை, கீழே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கருவியோடு அதன் கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை எண், விஐடி, பிஐடி, எந்த விண்டோஸ் பதிப்பு, இன்னொரு கணினியில் மாட்டியபோது என்ன ஆனது என்ற எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, கடைக்காரர் கையில் கொடுங்கள்.